நகலெடுக்காத பக்கம்

நான் சாகப்போகிறேன் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னது எங்கள் வேலிதான். டொக்டர் சொல்லவில்லை. தம்பி சொல்லவில்லை. கனடாவிலிருந்து நாளுக்கு மூன்று தரம் போன் எடுத்த தங்கச்சியும் சொல்லவில்லை.

எனக்கும் தம்பிக்கும் வட்டுக்கோட்டையில் பக்கத்துப் பக்கத்துக் காணி. ஐயா உயிரோடு இருந்தபோதே பிரித்து எழுதித் தந்தது. நடுவில் கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்ட வேலி. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் அவன் நாட்டுகிற கதியால்கள் என் பக்கமாக ஒரு சாண் நகர்ந்துவிடும். கதியால் நடக்குமா என்று கேட்காதீர்கள், எங்கள் வளவில் நடக்கும். நான் கயிறு பிடித்து அளப்பேன். அவன் அந்தக் கயிறு பிழை என்று வேறொரு கயிறு கொண்டு வருவான். இரண்டு பேரும் தொண்டை அடைக்கும்வரை கத்துவோம். அவன் மனைவி நடுவில் நின்று “சனம் பாக்குது, சனம் பாக்குது” என்று கெஞ்சுவாள். பதினெட்டு வருசமாக இதே கூத்து. பார்க்கிற சனம் இதைச் சண்டை என்று சொல்லும், சொல்லட்டும். எங்களுக்கு அது பழக்கமாகிவிட்டது.

போன வருசம் பங்குனியில் ஒரு பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வேலி இடம் மாறியிருந்தது. பழைய குழிகள் எல்லாம் மண் போட்டு மூடியிருந்தன. நான் பதினெட்டு வருசமாக எந்தக் கோட்டைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேனோ, அதே கோட்டில், நூல் பிடித்து நட்ட புது வேலி நின்றது. தம்பி கிணற்றடியில் குழி தோண்டிய அலவாங்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“நீ சொன்ன இடத்திலைதான் போட்டிருக்கு அக்கா” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடக் கோதாரி, நான் சாகப்போகிறேனா என்று நினைத்தேன். வேறு எந்தக் காரணத்துக்காகவும் அவன் அந்த மண்ணை விட்டிருக்கமாட்டான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பழைய கல்லூரி மதிலுக்கு எதிரே முப்பது வருசமாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. கேட்டு வந்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் கதை. இந்த ஊரில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழும், வெளிநாடு போனவர்களின் பாஸ்போர்ட்டும், சண்டைபிடித்தவர்களின் காணி உறுதிகளும், நோய்நொடி வந்த வருத்தக்காரரின் ரிப்போட்டுகளும் என் மிசினின் கண்ணாடிமேல் படுத்து எழும்பியவைதான். வாசிக்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் வாசித்துவிடும். பள்ளிக்கூடத்தில் வராத இங்கிலீசு எனக்கு இந்தக் கண்ணாடியில்தான் வந்தது.

அந்த வருசம் தைப்பொங்கல் முடிந்த கையோடு எனக்கு இருமல் பிடித்தது. மாசி பிறந்தபோது வாய் துடைத்த லேஞ்சியில் இரத்தம். படம் எடுத்தார்கள், பிறகு பெரிய படம் எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. “நீங்கள் சிகரெட் பத்துவீங்களோ?” என்று கிளினிக்கில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஊரில் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டார்கள் என்று எண்ணி மாளாது. சின்ன வயதில் தோட்டத்தில் புகையிலை கோர்த்திருக்கிறேன், ஓம். கொட்டிலுக்குள் புகை போடும்போது கண் எரிய நின்றிருக்கிறேன், ஓம். ஆனால் ஒரு சுருட்டும் பற்ற வைத்ததில்லை. “சமையல் புகையாய் இருக்கும்” என்றார் ஒருவர். “மனக்கவலையாய் இருக்கும்” என்றார் இன்னொருவர். எனக்கு மனக்கவலையே இருந்ததில்லை, உங்களைப் போன்றவர்கள் கடைக்கு வந்தால்தான் வரும் என்று சொல்லி அனுப்பினேன். வருத்தம் வந்தவள் தன்மேல் பழியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தில் என்னைப் பார்த்த நெஞ்சு டொக்டர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். கட்டி ஊசிக்கு எட்டாத மூலையில் இருக்கிறது, முதலில் கொழும்பில் பெற் ஸ்கான் எடுத்து வாருங்கள் என்றார். ஒரு வகைச் சீனியில் கொஞ்சம் கதிர்வீச்சைக் கலந்து நரம்பில் ஏற்றுவார்களாம். உடம்பில் எந்த இடம் அவசரமாகச் சீனி தின்னுகிறதோ, அந்த இடம் படத்தில் கறுத்து விழுமாம்.

“கட்டி எப்பிடிப்பட்டது, வேறை எங்கையும் பரவியிருக்கோ எண்டு ஓரளவுக்குப் பிடிபடும் அன்ரி. பரவேல்லையெண்டால் வெட்டி எடுத்திடலாம். பரவியிருந்தால் வெட்டிப் பிரயோசனமில்லை. அதாலைதான் இது முக்கியம்.”

எனக்கு விளங்கியது. வெட்டினால் உயிர். வெட்ட முடியாவிட்டால் நாள் எண்ணவேண்டியதுதான்.

தம்பிதான் கூட வந்தான். காலை ரயிலில் போய் வெள்ளவத்தையில் சொந்தக்கார வீட்டில் தங்கினோம். சோறு கூடாது, சீனி கூடாது, ஸ்கானுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்பிருந்து தண்ணீர் மட்டும் என்று தாளில் எழுதித் தந்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரி விடியவே தேத்தண்ணியும் பனங்கட்டியுமாக வந்து நின்றாள். “வெறும் தேத்தண்ணிதானே, இது சாப்பாடே? ஒரு மிடறு குடிச்சிட்டுப் போங்கோ” என்றாள். எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் வராது. குடிக்காமல் படியிறங்கினால்தான் குற்றம். நான் மாட்டேன் என்று நின்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தம்பி என்னுடைய கோப்பையையும் சேர்த்துக் குடித்துப் பிரச்சினையைத் தீர்த்தான்.

ஊசி ஏற்றியபிறகு என்னை ஒரு அறையில் தனியே படுக்கவைத்தார்கள். ஒரு மணித்தியாலம் அசையக்கூடாது, கதைக்கவும் கூடாது. “கதைச்சா தொண்டை கறுப்பு வரும் அம்மா” என்று ஒரு சிங்களப் பிள்ளை எனக்காகத் தேடித் தேடித் தமிழில் சொன்னது. என் வாழ்க்கையில் விழித்தபடி ஒரு மணித்தியாலம் வாய்மூடி இருந்தது அன்றைக்கு மட்டும்தான். தம்பி வெளியே கதிரையில் இருந்து சிரித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஒரு கிழமையில் ரிப்போட் வந்தது. வாங்கி வந்தவன் தம்பி. “ஒண்டுமில்லையாம் அக்கா, சளி கட்டியிருக்காம். குளிசை தருவினம்” என்றான். அவன் பொய் சொல்லும்போது இடது காதைச் சொறிவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்குச் சொறிந்தான். நான் பார்த்தும் பாராமல் விட்டேன். பயந்துதான் விட்டேன், அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பிறகு வீட்டைச் சுற்றி ஒரு மரியாதை இறங்கியது. தம்பியின் மனைவி நாளுக்கு ஒரு சூப் கொண்டுவந்தாள். கனடாத் தங்கச்சி, தொட்டதற்கெல்லாம் என்னோடு எரிந்து விழுகிறவள், “அக்கா, என்ன ஆசையெண்டாலும் சொல்லு” என்று குரலைத் தேனாக்கினாள். எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் ஜெபம் பண்ண வந்தார்கள். ஜெபம் சரி. முடிவில் அவர்கள் எடுத்த பாட்டு அடக்க ஆராதனைக்குப் பாடுவது. பாடத் தொடங்கியபிறகு ஒருவருக்கு அது நினைவு வந்து, மற்றவரின் முழங்கையை இடித்து, இரண்டாம் சரணத்தோடு நிறுத்தினார்கள். “மிச்சத்தையும் பாடுங்கோ, கேட்டு வைக்கிறன்” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த கிழமைதான் வேலி நகர்ந்தது.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பெரிய வருத்தம் என்றால் வருத்தக்காரரைத் தவிர ஊருக்கே சொல்லுவார்கள். சொன்னால் மனம் உடைந்துபோகுமாம். மற்றவர்களின் ரிப்போட்டுகளைக் கொப்பி அடிக்கும்போது, “அவருக்குத் தெரியாது, சொல்லிப்போடாதையுங்கோ” என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்த வழக்கம் என் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உறைத்தது.

வேலி நகர்ந்த மறுநாள் காலை கடைக்கு ஒரு போன் வந்தது. சண்டிலிப்பாயில் என்னைப்போல் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை. மை முடிந்தால் அவரிடம் நான் வாங்குவேன், மிசின் பழுதானால் என்னிடம் அவர் ஆள் அனுப்புவார்.

“பிள்ளை, சொல்லலாமோ தெரியேல்லை. உன்ரை தம்பி போன மாதம் இஞ்சை வந்து உன்ரை ரிப்போட் ஒண்டு கொப்பி அடிச்சவர். உன்ரை கடை இருக்க ஏன் இஞ்சை வாறார் எண்டு யோசிச்சனான்.”

“நான் பாக்கக்கூடாது எண்டுதான் அண்ணை. வேறையென்ன.”

“அது எனக்கும் விளங்கினது. ஆனா என்னைக் குடையிறது வேறை விசயம். உது ரெண்டு பக்கத் தாள். முன்பக்கம் மட்டும் போதும் எண்டார். பின்பக்கத்திலையும் எழுத்திருக்கு, அடிக்கட்டோ எண்டு கேட்டன். கனடாவுக்கு அனுப்பத்தான், முன்பக்கத்திலை எல்லாம் இருக்குத்தானே எண்டிட்டு அவசரமாய் வாங்கிக்கொண்டு போட்டார். எனக்கு அண்டையிலையிருந்து மனம் கேக்கேல்லை. ரெண்டு பக்கத் தாளை ஒரு பக்கம் அடிச்சுக் குடுக்கிறது எங்கடை தொழிலுக்குச் சரியில்லைப் பிள்ளை.”

அந்த மனுசன் நன்றாக இருக்கவேண்டும். நான் கடையைப் பூட்டினேன். பகல் பத்து மணிக்குக் கடை பூட்டியது முப்பது வருசத்தில் இரண்டோ மூன்றோ தரம்தான் இருக்கும்.

தம்பி கொட்டிலுக்குள் புகையிலை அடுக்கிக்கொண்டிருந்தான். “ரிப்போட் எங்கை?” என்றேன். காதுக்குக் கை போனது. “கையைக் கீழை விடு! எங்கை எண்டு கேக்கிறன்!” என்று கத்தியதில் கோழிகள் சிதறின. அவன் காய்ந்த புகையிலைக் கட்டுகளுக்குக் கீழே கையை விட்டு, அந்தப் பெரிய வெள்ளை உறையை எடுத்தான். நுரையீரல் ரிப்போட்டை ஒளிக்க அவனுக்குக் கிடைத்த இடம் அதுதான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கொட்டில் வாசலில் குந்தி இருந்து வாசித்தேன். முன்பக்கத்தில், நெஞ்சின் நடுவே மூச்சுக்குழாயைச் சுற்றி நிணநீர் முடிச்சுகளாக உள்ள நெறிகள் கடுமையாகச் சீனி எடுத்திருக்கின்றன, கட்டியிலிருந்து பரவியிருக்கலாம் என்று சந்தேகப்படவேண்டும் என்று இருந்தது. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் நாலே நாலு வரி. கட்டி தானாக எடுத்த சீனி மிகக் குறைவு. காசநோய் போன்ற கிருமிகளாலும் நெறிகள் இப்படித் தெரியக்கூடும். எதையும் முடிவு செய்யமுன் நெறியில் ஊசி போட்டுச் சோதிக்கவேண்டும்.

“இதை டொக்டரிட்டைக் காட்டினியோ?”

“இல்லை.”

“கிளினிக்குக்குத் திகதி தந்தவை. அதுக்கு ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?”

“தங்கச்சி அங்கை ஆரோ தெரிஞ்சவைக்குக் காட்டினவள் அக்கா. பரவீட்டுதாம். இனி வெட்டு, கிட்டு எண்டு அலைக்கழியாமல் வீட்டிலை நிம்மதியாய் வைச்சிருங்கோ எண்டினமாம். உனக்குத் தெரிஞ்சால் நீ தாங்கமாட்டாய் எண்டு...” மிச்சம் வரவில்லை. ஐம்பத்திநாலு வயது மனிதன், பனை ஏறி விழுந்து கை முறிந்தபோதும் அழாதவன், புகையிலைக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம், தலை வெடிக்கிற கோபம். அதே இடத்தில் இருந்து கனடாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே அது என்ன நேரம் என்று பார்க்கவில்லை.

“அக்கா, உன்னிலை இருக்கிற பாசத்திலைதானே செய்தனாங்கள்” என்றாள் தங்கச்சி.

“பாசமெண்டால் ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கோணும்!” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிறகு வேலிக்குப் போனேன். தம்பி பின்னாலேயே வந்தான். “செத்துப்போறவளுக்குத் தாற காணி எனக்கு வேண்டாம். உயிரோடை இருக்கிற என்னோடை கத்தித் தோத்துப்போட்டுத் தா, அப்ப வாங்கிறன்” என்று சொல்லி முதல் கதியாலைப் பிடித்து இழுத்தேன். புதிதாய் நட்டதால் வந்துவிட்டது. இரண்டாவதையும் பிடுங்கினேன். மூன்றாவதில் இருமல் வந்து மண்ணில் இருந்துவிட்டேன். இரத்தமும் வந்தது. அவன் என்னைத் தூக்க வந்தான். “என்னை விடு, வேலியைக் கழட்டு!” என்றேன். அழுதுகொண்டே மிச்சக் கதியால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டான். அவன் மனைவி அன்றைக்குச் சனம் பார்ப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் தனியாக யாழ்ப்பாணம் போனேன். டொக்டர் என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

“அன்ரி, மூண்டு கிழமையாய் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். ஏன் வரேல்லை?”

“என்னை வீட்டிலை சாகடிச்சிட்டினம் டொக்டர். இப்பதான் எழும்பி வாறன்.”

உறையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் விரித்தார். சாம்பல் நிறத்தில் நான் நின்றேன். தலைக்குள் மூளை தார் ஊற்றியது மாதிரிக் கறுப்பு. மூளை எப்போதும் சீனி தின்னுமாம். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நெஞ்சின் நடுவில் நாலு நெறிகள், நாலும் மைப் பொட்டுகள். வலது பக்கத்தில் கட்டி இருந்த இடத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான். பென்சிலால் வட்டம் போட்டிராவிட்டால் நான் அதைக் கண்டிருக்கவே மாட்டேன். முதல்நாள் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கேள்வி முட்டிக்கொண்டு நின்றது.

“டொக்டர், நான் முப்பது வருசமாய்ப் போட்டோக்கொப்பி அடிக்கிறன். ஒண்டு கேக்கட்டே?”

“கேளுங்கோ அன்ரி.”

“உந்த நாலு கறுப்பும் இந்தக் கட்டியிலையிருந்துதான் போனது எண்டினம். அப்ப கட்டி மூலம், உது கொப்பி. மூலம் இவ்வளவு மங்கலாய் இருக்க, கொப்பி எப்பிடி இப்பிடிக் கறுப்பாய் விழும்?”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உதை விளங்கப்படுத்தத்தான் நான் படிக்கிற பிள்ளையளோடை மல்லுக்கட்டுறன் அன்ரி. எல்லாப் புற்றும் ஒரே மாதிரிச் சீனி தின்னாது. சிலது அவா பிடிச்சுத் தின்னும், அதுகள்தான் கெதியாய்ப் பரவுறதும். சிலது சோம்பேறி, தின்னாமல் கொள்ளாமல் மூலையிலை கிடக்கும், படத்திலையும் வடிவாய்த் தெரியாது. உங்கடை கட்டி அப்பிடி ஒண்டாய் இருக்கலாம். சீனி தின்னுறதெல்லாம் புற்றும் இல்லை. கசம், அதுதான் காசநோய், தின்னும், பழைய கிருமி தின்னும், ஆறுற புண்ணும் தின்னும்.”

“அப்ப இது பரவேல்லை?”

“அப்பிடிச் சொல்லமாட்டன். உங்கடை மிசினிலை கறுப்பைக் கூட்டி வைச்சால் மங்கல் மூலமும் கறுப்பாய் விழும்தானே?”

“விழும்” என்றேன். மனம் இல்லாமல்தான் சொன்னேன்.

“அதுமாதிரி, போன இடத்திலை மூர்க்கமாய் வளருறதும் இருக்கு. படத்தை மட்டும் நம்பி வெட்டவும் ஏலாது, படத்துக்குப் பயந்து படுக்கவும் ஏலாது. நெறியிலை ஊசி போடுவம். அதிலை புற்று இல்லையெண்டால் நான் உங்களைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புறன்.”

மறுபடியும் கொழும்பு ரயில். இந்தமுறை தொண்டை வழியாகக் குழாய் விட்டு, மூச்சுக்குழாய்ச் சுவருக்கு அப்பால் ஊசியால் நெறிகளைக் குத்தி எடுத்தார்கள். அதே கையோடு, வெளியிலிருந்து ஊசிக்கு எட்டாத கட்டியிலும் அந்தக் குழாய் வழியாக ஒரு சொட்டு எடுக்க முயன்று, எடுத்தும்விட்டார்கள். முடிவு வர மூன்று கிழமை.

அந்த மூன்று கிழமையும் கடையைத் திறந்தே வைத்திருந்தேன். சனம் செத்தவீட்டு முகத்தோடு வந்து, கொப்பி எடுக்க ஒன்றுமில்லாமல் மிசினைத் தடவிக்கொண்டு நின்றது. கடைசியில் ஒரு மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். “வருத்தம் விசாரிக்க வருபவர்கள் குறைந்தது பத்து நகல் எடுக்கவும்.” பாதிப் பேர் வராமல் விட்டார்கள். மிச்சப் பாதிப் பேர் அடையாள அட்டையைப் பத்துப் பத்தாகக் கொப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பகலெல்லாம் இப்படி வாய் காட்டினேன். மத்தியானத்தில் ஆள் இல்லாத நேரம் மிசினின் மூடியைத் திறந்து, சூடான கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும் கர்த்தாவே என்று கேட்டேன். பணிவாகக் கேட்கவில்லை. உரிமையோடு கேட்டேன்.

முடிவு கேட்கப் போகும்போது தம்பியும் வந்தான். வேண்டாம் என்றேன், பஸ்ஸில் முன்னாலேயே ஏறி இருந்துவிட்டான். டொக்டர் தாளைப் பிரித்தார்.

“நாலு நெறியிலையும் புற்று இல்லை அன்ரி. கசம்.”

“பின்பக்கமும் வாசியுங்கோ டொக்டர்” என்றேன்.

இப்போது சிரித்தார். “பின்பக்கம் வெறும் தாள். கட்டி புற்றுத்தான், ஆனா மெதுவாய் வளருற வகை. வெட்டி எடுத்தால் போதும் எண்டுதான் நினைக்கிறன். முதல்லை கசத்துக்குக் குளிசை, பேந்து சத்திரசிகிச்சை.”

தம்பி நெற்றியை அந்த மேசையில் வைத்தபடி அப்படியே இருந்தான். டொக்டர் அவன் முதுகைத் தட்டினார். நான் தட்டவில்லை. தட்டியிருந்தால் நானும் உடைந்திருப்பேன்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? புற்று என்றபோது கட்டிப்பிடித்து அழுதவர்கள், கசம் என்றதும் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நெறியில் இருக்கிற கசம் அடுத்தவருக்குத் தொற்றாது என்று டொக்டர் சொன்னதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. தம்பியின் மனைவி எனக்கென்று தனிக் கோப்பை ஒன்றை வைத்தாள். நான் அவளுடைய கோப்பையை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க, அடிவரை குடித்தேன். அடுத்த நாள் தனிக் கோப்பையைக் காணவில்லை.

இரண்டு மாதம் குளிசை விழுங்கியபின் வெட்டினார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பங்கு போய்விட்டது. கண் விழித்தபோது விலாவில் குழாயும் தாங்கமுடியாத நோவும் இருந்தன, கால்மாட்டுக் கதிரையில் தம்பி இருந்தான். “என்ன பாக்கிறாய், தோட்டத்துக்குத் தண்ணி ஆர் விடுறது?” என்று கேட்டேன். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. ஆனாலும் அவனுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு வளவுக்கும் நடுவில் இன்னும் ஒன்றும் இல்லை. பிடுங்கிய கதியால்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவன் கோழிகள் என் கத்தரிப் பாத்தியைக் கிளறி நாசமாக்கியிருந்தன. தம்பியின் மரியாதை மட்டும் போகவில்லை. சொன்னதற்கெல்லாம் “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்றான். அந்த ஓமைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடக்கப் பாட்டு காதில் கேட்டது. இவன் என்னை இன்னும் புதைத்துத்தான் வைத்திருக்கிறான் என்று எரிச்சலாக வந்தது.

தையல் ஆறி, வளவு வாசல் படலைவரை மூச்சு வாங்காமல் நடக்க முடிந்த காலையில், கயிற்றை எடுத்துக்கொண்டு போய் எல்லையில் நின்றேன்.

“டேய், இஞ்சை வா. அளப்பம்.”

வந்தான். “ஏன் அக்கா கஷ்டப்படுறாய்? நீ சொல்லுற இடத்திலையே போடுறன்.”

“வாயை மூடு. என்ரை நெஞ்சைப் பிளந்து வெட்டி எடுக்கவேண்டியதை எடுத்தாச்சு. எனக்கு இப்ப ஒண்டுமில்லை. கயிறைப் பிடி.”

கயிற்றின் மறுமுனையை எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான், விலாவைப் பார்த்தான், நான் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கயிற்றைக் கீழே போட்டான்.

“உந்தக் கயிறு பிழை” என்றான்.

“என்னடா பிழை?”

“இழுபட்ட கயிறு. நீ எப்பவும் உந்தக் கள்ளக் கயிறைத்தான் கொண்டு வாறனி!” குரல் நடுங்கியது, பிறகு ஏறியது. “ஒரு சாணும் விடமாட்டன், கேட்டுதே? நீ செத்துப்போகப் போறாய் எண்டுதான் விட்டனான்! இனி ஒரு சாணும் விடமாட்டன்!”

கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட அவன் கத்தினான். அவன் மனைவி ஓடிவந்து “சனம் பாக்குது, சனம் பாக்குது” என்றாள். ஒழுங்கையில் உண்மையிலேயே சனம் நின்று பார்த்தது. நான் விலாவை ஒரு கையால் அமத்திக்கொண்டு, எனக்கு மிஞ்சியிருந்த நுரையீரல் முழுவதையும் நிரப்பி, அவனைவிடப் பலமாகக் கத்தினேன்.